மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி: பீடி சுற்றும் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர், திருநெல்வேலி மாவட்டத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள சிற்றூர் ஒன்றில் வசிக்கும் 53 வயதுப் பெண். கணவர் குத்தகை நிலத்தில் நெல் பயிரிடுகிறார். மாமியாரும் மகனும் உடனிருக்கிறார்கள். அண்ணன் குடும்பம் அதே தெருவில் இருக்கிறது. பள்ளிப் படிப்பை நிறுத்திய வயதிலிருந்து பீடி சுற்றி வருபவர். நோய் கண்டறியப்படும் வரை வீட்டு வேலையோடு சேர்த்து நாளொன்றுக்கு 800 முதல் 1,000 பீடி வரை சுற்றியிருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இது எழுதப்படுகிறது.

இடது மார்பில் கட்டி கண்டறியப்பட்டு, மார்பகமும் இடது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளும் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டன. அதன்பின் கீமோ எட்டுச் சுற்று: முதல் நான்கில் டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும், அடுத்த நான்கில் பக்லிடாக்ஸலும். பிறகு, ஊரில் எல்லாரும் ‘கரண்டு வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு 25 அமர்வு. மாதவிடாய் நின்றவர் என்பதாலும் கட்டி ஹார்மோன் சார்ந்தது என்பதாலும் லெட்ரோசோல் மாத்திரை நாள்தோறும் தொடர்கிறது. செலவில் பெரும்பகுதியை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. கதிர்வீச்சு முடிந்து நான்கு மாதம் சென்றபின், இடது கை வீங்கியிருப்பதைக் கண்ட புற்றுநோய் மருத்துவர் அவரை இயன்முறை சிகிச்சைக்காக (பிசியோதெரபி) எங்களிடம் அனுப்பினார்.

முதற் சந்திப்பில் கண்டவை

மாசி மாதத்தில் அண்ணன் மனைவியோடு வந்தார். இடது கையைத் துண்டால் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்தார். நாற்காலியில் உட்காரவும் எழவும் அவருடைய மதினிதான் தோள் கொடுத்தார். “அந்தக் கையால ஒரு செம்பு தண்ணிகூட தூக்க விடுறதில்ல டாக்டரம்மா. பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் நாங்களே பாத்துக்கிடுதோம்,” என்று மதினி சொன்னதில் அக்கறையும் சற்றுப் பெருமிதமும் இருந்தன.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, புண் ஆறும் வரை கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ‘புண் ஆறும் வரை’ என்ற பகுதி வீடு வந்து சேரவில்லை. ஆகவே ஓராண்டுக்கும் மேலாக அந்தக் கை எந்த வேலையும் செய்யவில்லை. உடம்பும் அதோடு சேர்ந்து படுத்துவிட்டது. காலையில் குளித்துச் சாப்பிட்டதும் நடுவீட்டுக் கட்டிலில் படுப்பார். மதியம் எழுந்து சாப்பிட்டு மீண்டும் படுப்பார். இரவில் உறக்கம் வராது. வயல் வேலை செய்தவர் ஓர் இரவு உறங்கி எழுந்தால் களைப்பு போய்விடும். இவருடைய களைப்போ உறங்கி எழுந்தபின்னும் அப்படியே இருந்தது. புற்றுநோய் சிகிச்சையைத் தொடர்ந்து வரும் களைப்புக்கு இதுவே முதல் அடையாளம்.

அன்று எடுத்த அளவுகள் வருமாறு. ஆறு நிமிட நடைச் சோதனையில் 312 மீட்டர் நடந்தார். அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து 8 முறை எழுந்து அமர்ந்தார். இடது கையை முன்பக்கமாக 95 பாகை வரை மட்டுமே உயர்த்த முடிந்தது. அக்குளிலிருந்து முழங்கை நோக்கி நரம்பு போல் ஓர் இழை தோலடியில் விறைத்து நின்றது. முழங்கைக்கு மேல் 10 செ.மீ. உயரத்தில் இரு கைகளின் சுற்றளவுக்கு இடையே 2.4 செ.மீ. வேறுபாடு இருந்தது. களைப்பை அளக்கப் பயன்படும் ஃபாசிட் வினாப்பட்டியலில் 52க்கு 21 பெற்றார். அதில் மதிப்பெண் குறையக் குறையக் களைப்பு மிகுதி என்று பொருள். பக்லிடாக்ஸலின் விளைவாக இரு பாதங்களிலும் விரல் நுனிகளிலும் மரத்துப்போன உணர்வு இருந்தது. லெட்ரோசோல் தொடங்கிய பிறகு காலையில் எழும்போது முழங்காலும் கைவிரல் மூட்டுகளும் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

என்ன செய்ய முடிந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டோம். வீக்கம் குறைய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. “பீடித் தட்டை எடுத்து மடியில வைக்கணும். தெருக்குழாயில ஒரு கொடம் தண்ணி நானே எடுத்துட்டு வரணும். அவ்வளவுதான் டாக்டரம்மா,” என்றார். அவர் எங்களிடம் அனுப்பப்பட்டதன் காரணம் வீக்கம்; அவருடைய வாழ்வைச் சுருக்கியிருந்தது களைப்பும் அச்சமும். பயிற்சித் திட்டத்தை எதைச் சுற்றி அமைப்பது என்பதை இந்தப் பதிலே தீர்மானித்தது.

தொடங்குமுன் சரிபார்த்தவை

டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக் கூடிய மருந்து. கதிர்வீச்சும் இதயம் இருக்கும் இடப்பக்கமே தரப்பட்டிருந்தது. ஆகவே புதிதாக எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே தொடங்குவது என்று புற்றுநோய் மருத்துவரோடு பேசி முடிவு செய்தோம். இதயம் இரத்தத்தை வெளியேற்றும் அளவு 60 சதவீதமாக, இயல்பாகவே இருந்தது. ஹீமோகுளோபின் 10.4, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் போதுமான அளவில் இருந்தன. எலும்புக்கு நோய் பரவியதற்கான அறிகுறி இல்லை என்பதை மருத்துவர் உறுதி செய்தார். எலும்பு அடர்த்தி மட்டும் குறைந்திருந்தது. லெட்ரோசோல் அதை மேலும் குறைக்கக் கூடும் என்பதால், குதிப்பதையும் முதுகை வளைத்துத் திருகிப் பாரம் தூக்குவதையும் திட்டத்திலிருந்து நீக்கினோம். பாதம் மரத்திருந்தபடியால் வெறுங்காலோடு நடப்பதையும் பாசி படர்ந்த படித்துறையில் தனியாக இறங்குவதையும் தவிர்க்கச் சொன்னோம். ஆற்றுக் குளியலை விடச் சொல்லவில்லை. துணையோடு, கைப்பிடித்து இறங்கும்படி சொன்னோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

களைப்புக்கு ஓய்வைக் குறைத்து இயக்கத்தைக் கூட்டுவது என்பதே அடிப்படை முடிவு. குடும்பத்துக்கு இது தலைகீழாகத் தோன்றியது. ஆனால் மருத்துவத்தில் இது இப்போது புதிதல்ல. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், வாரம் மூன்று நாள் அரை மணி நேர மிதமான பயிற்சியும், வாரம் இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் களைப்பு, மனச்சோர்வு, பதற்றம், உடலியக்கம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை மேம்படுத்துகின்றன என்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம், உடற்பயிற்சி வழக்கமான சிகிச்சையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்று அறிவித்திருந்தது.

வாரம் மூன்று அரை மணி என்பது எட்ட வேண்டிய அளவு, தொடங்கும் அளவாகாது. ஆறு நிமிடத்தில் 312 மீட்டர் நடப்பவரிடம் முதல் நாளே அரை மணி நேரம் கேட்டால், மறுநாள் கட்டிலை விட்டு எழமாட்டார். ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்று வீடும் சொல்லும். ஆகவே காலையும் மாலையும் எட்டு நிமிடம் நடை என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுவதாக வைத்தோம். வேகத்துக்குக் கருவி எதுவும் இல்லை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

எங்கே நடப்பது என்பது எட்டு நிமிடத்தைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது. முடி அப்போதுதான் குட்டையாக முளைத்திருந்தது. தலையில் முக்காடு இல்லாமல் அவர் வாசலுக்கு வருவதில்லை. நகரத்தில் பூங்காவைச் சுற்றி நடப்பது போல், வேலையில்லாமல் தெருவில் நடக்கும் பெண்ணை ஊர் நின்று கேள்வி கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நோயிலிருந்து தொடங்கிப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே நடைக்கு ஒரு வேலையைச் சேர்த்தோம். மதினி நாள்தோறும் பீடியை ஒப்படைத்து இலையும் தூளும் வாங்கிவரக் கடைக்குப் போகிறவர். அவரோடு முதலில் தெருமுனை வரை, பிறகு கால்வாய்ப் பாலம் வரை, பிறகு கடை வரை என்று ஏற்பாடாயிற்று. கடைக்குப் போகிறவர்களை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. இந்தத் திட்டம் நின்று பிடித்ததற்கு, எங்கள் அளவுகோல்களைவிட இந்த ஏற்பாட்டுக்கே கூடுதல் பங்கு உண்டு என்று கருதுகிறேன்.

வீங்கிய கைக்குப் பாரம் தரலாமா என்பது அடுத்தது. நெடுங்காலம் மருத்துவர்களே கூடாது என்றுதான் சொல்லி வந்தார்கள். 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பகுதியினரை, கண்காணிப்போடு படிப்படியாகப் பளு தூக்க வைத்தபோது கை வீக்கம் அதிகமாகவில்லை. திடீரென வீக்கம் கிளர்ந்தெழுவது பளு தூக்காதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. தசை சுருங்கி விரியும்போது நிணநீர் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது வியப்புக்குரியதும் அல்ல.

கணவரையும் மாமியாரையும் ஒருமுறை வரவழைத்து இதைப் பேசினோம். மடை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கணவரிடம் கேட்டபோது, “பக்கத்து வயல்ல ஏறும்,” என்றார். அக்குள் மடைகள் எடுக்கப்பட்டுவிட்டன, மிச்சமிருக்கும் சிறு வாய்க்கால்கள் வழியே நீரைத் தள்ள அந்தக் கை வேலை செய்தாக வேண்டும் என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. மாமியாருக்கு விளங்கவில்லை. “பெரிய ஆப்பரேசன் செஞ்ச உடம்பு. அவ எங்க ஓடப் போறா? கெடக்கட்டும்,” என்றார். அவரை வற்புறுத்தவில்லை.

பளுவாக, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களைப் பயன்படுத்தினோம். பயிற்சியின்போது ஸ்லீவ் என்று எல்லாரும் சொல்லும் அழுத்த உறையை இடது கையில் அணிய வேண்டும். பளுவைக் கூட்டுவதற்கு முன் இரண்டு பயிற்சி நாட்கள் வீக்கமோ கனமோ கூடாதிருக்க வேண்டும். கூடினால் பழைய பளுவுக்கே திரும்ப வேண்டும் என்பவை விதிகள்.

முதல் ஆறு வாரம்

முதல் இரண்டு வாரத்தில் களைப்பு குறையவில்லை. நடந்த அன்று மாலை சற்றுக் கூடவும் செய்தது. இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் நிறுத்தாமல் தொடர்ந்தார். மூன்றாம் வாரத்தில் முதலில் மாறியது உறக்கம். பகலில் படுக்கும் நேரத்தை ஒரு மணிக்குள் சுருக்கச் சொன்னதும் இதற்கு உதவியிருக்கும். அக்குளில் விறைத்து நின்ற இழை, சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சியாலும் நாங்கள் செய்த நீவலாலும் தளர்ந்து, ஐந்தாம் வாரம் கை 130 பாகை வரை உயர்ந்தது. கொண்டையிட முடி இல்லாவிட்டாலும், தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கை எட்டியது.

பங்குனி பாதியிலேயே வெயில் ஏறிவிட்டது. ஸ்லீவுக்குள் வேர்த்து அரிப்பு வந்ததால், நடையையும் பயிற்சியையும் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு உறையைக் கழற்றி, கையைக் கழுவி, உலர்த்தித் தேங்காயெண்ணெய் தடவும்படி மாற்றினோம். நாள் முழுதும் உறை அணிய வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தால் அவர் அதை முற்றாகவே விட்டிருப்பார்.

ஏழாம் வாரத்தில் வந்த காய்ச்சல்

ஏழாம் வாரத்தில் ஒருநாள் இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. மறுநாள் இடது முன்கை சிவந்து, தொட்டால் சுட்டது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். தோலடித் தொற்று என்று கண்டு ஆன்டிபயாட்டிக் தரப்பட்டது. நடையையும் பளுவையும் நிறுத்தினோம்.

பயிற்சியால்தான் கை இப்படி ஆயிற்று என்று வீடு முடிவு செய்தது. நாள் வரிசையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: பளுவை ஒரு கிலோவாகக் கூட்டிய வாரம் அது. ஆனால் கையைப் பரிசோதித்தபோது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் பாதி ஆறிய வெட்டுக்காயம் ஒன்று இருந்தது. கேட்டதற்கு முதலில் காய் நறுக்கினேன் என்றார். பிறகு, மதினிக்கு உதவியாக நான்கு நாளாக இலை வெட்டியதைச் சொன்னார். பீடி இலையை இடக்கையில் பிடித்து, அளவுத் தகட்டை மேலே வைத்து, வலக்கைக் கத்தரியால் சுற்றிலும் வெட்டுவார்கள். இலையைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும் இடது ஆள்காட்டி விரல் எப்போதும் கத்தரியின் ஓரமாகவே இருக்கும். பழகிய விரல் அந்த வாயைத் தொட்டதும் விலகும். மரத்துப்போன விரலுக்கு அது தெரியாது. நிணநீர் முடிச்சுகள் இல்லாத கையில் அந்தச் சிறு வெட்டே கிருமிக்கு வழியாகிவிட்டது.

காய்ச்சல் தணிந்து, சிவப்பு மறைந்து, மருந்து முடியும் வரை காத்திருந்தோம். அதன்பின் தொடர்வதா விடுவதா என்பதை அவரிடமே விட்டோம். காயம் இருந்த விரலையும் கிருமியின் வழியையும் மாமியாருக்கு அவரே விளக்கியதாக மதினி பின்னர் சொன்னார். பளுவை மீண்டும் அரைக் கிலோவிலிருந்து தொடங்கினோம். நடையை விட்ட இடத்துக்குச் சற்று முன்னிருந்து தொடங்கினோம்.

பீடித் தட்டுக்குத் திரும்புதல்

மறைத்துச் செய்ததை இனி திறந்து செய்யட்டும் என்பதே எங்கள் முடிவு. இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. புற்றுநோயிலிருந்து மீண்டவரைப் புகையிலைத் தூளுக்கு நடுவே திரும்ப உட்கார வைப்பது முறையா என்று கேட்ட சக பணியாளரின் கேள்வி நியாயமானது. புகையிலைத் தூள் இருமலும் மூச்சிரைப்பும் தரும். நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் சேரும். மறுபக்கம், அந்த வீட்டில் வாரந்தோறும் வரும் காசு அவருடைய பீடிக்காசு ஒன்றுதான். நெல் காசு வருவது அறுவடைக்குப் பின். வேறு வேலை தேடித் தர எங்களால் இயலாதபோது, தட்டைத் தொடாதே என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை என்பது என் நிலை.

ஆகவே வேலையை மாற்றியமைத்தோம். இலை வெட்டுவது இனி மதினி; சுருட்டிக் கட்டுவது மட்டும் இவர். காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, மடித்தட்டின்மேல் குனிந்தபடி மணிக்கணக்கில் இருப்பது முதுகையும் தோளையும் முன்னுக்கு இழுத்துவிடும். அறுவைத் தழும்பு இருக்கும் நெஞ்சுக்கு அது மேலும் கெடுதல். சுவரில் சாய்ந்து, தட்டைப் பலகைமேல் உயர்த்தி வைத்து உட்காரச் சொன்னோம். இவ்வளவு நிமிடத்துக்கு ஒருமுறை எழ வேண்டும் என்ற விதி நடக்கவில்லை. சுற்றும்போது யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. 25 பீடி ஒரு கட்டு. நான்கு கட்டு ஆனதும் எழுந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, வாசல் வரை போய்வர வேண்டும் என்று மாற்றியதும் அது பிடித்துக்கொண்டது. காற்றோட்டமுள்ள திண்ணையில் உட்காருவது, மூக்கைத் துணியால் மூடுவது, சோற்றில் கைவைக்குமுன் சோப்பிட்டுக் கழுவுவது, தூளை உறங்கும் அறையில் வைக்காதிருப்பது ஆகியவற்றையும் சேர்த்துச் சொன்னோம். மூக்குத்துணி மட்டும் பெரும்பாலும் கழுத்திலேயே கிடந்தது.

குடத்துக்கான பயிற்சி தனியாக நடந்தது. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்து நிற்பது, கால் பங்கு நீரோடு நடப்பது, அரைக்குடம் எடுப்பது என்று ஏற்றினோம். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கும் முறையை முதலில் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியாகவே கற்பித்திருந்தோம். எலும்பு அடர்த்தியை மனத்தில் கொண்டு அரைக்குடத்தோடு நிறுத்திக்கொண்டோம். வைகாசியில் கோவில் கொடை வந்த வாரம் பயிற்சி எதுவும் நடக்கவில்லை. பந்திக்கு வேலை செய்ததே போதும் என்று அவரே கணக்குச் சொன்னார். மறுக்கக் காரணமில்லை.

பதினாறு வார முடிவில்

தொற்றுக்காக நின்ற நாட்களையும் சேர்த்துப் பதினாறு வார முடிவில் எல்லா அளவுகளையும் மீண்டும் எடுத்தோம். ஆறு நிமிட நடை 312 மீட்டரிலிருந்து 401 மீட்டராயிற்று. நாற்காலியிலிருந்து எழுவது 8இலிருந்து 13. கை உயர்வு 155 பாகை. களைப்புப் பட்டியலில் 52க்கு 38. கைகளின் சுற்றளவு வேறுபாடு 2.4 செ.மீ.யிலிருந்து 2.1 செ.மீ.; இதைக் குறைவு என்று சொல்வதைவிட, பளு தூக்கியும் கூடவில்லை என்று சொல்வதே சரி. காலை மூட்டுப்பிடிப்பு குறைந்தது, போகவில்லை. பாதங்களின் மரப்பில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. நாளுக்கு 400 பீடி சுற்றுகிறார். தெருக்குழாயில் அரைக்குடம் எடுக்கிறார். மீதிக் குடத்தை மகன் எடுக்கிறான்.

இவை அனைத்தையும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது. கீமோ முடிந்து மாதங்கள் செல்லச் செல்லக் களைப்பு பலருக்குத் தானாகவும் குறையும். ஹீமோகுளோபினும் இதற்குள் 11.6 ஆகியிருந்தது. ஆனால் கதிர்வீச்சு முடிந்தபின் கட்டிலில் கிடந்த நான்கு மாதத்தில் தானாகக் குறையாத களைப்பு, நடக்கத் தொடங்கிய மூன்றாம் வாரத்துக்குப் பின் குறைந்தது என்பது கணக்கில் கொள்ளத்தக்கது.

பயிற்சி செய்தால் நோய் திரும்ப வராதா என்று கணவர் கேட்டார். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்து, 2025இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டு வழிகாட்டலோடு உடற்பயிற்சி செய்தவர்களில் 80.3 சதவீதத்தினரும், அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 73.9 சதவீதத்தினரும் ஐந்தாண்டு நோயின்றி இருந்தார்கள். அது குடலுக்கான விடை. மார்பகத்துக்கு அப்படியே எடுத்துச் சொல்ல முடியாது என்றே அவரிடம் சொன்னோம். மாத்திரையை விடக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது. நடைதான் நடக்கிறாளே, மருந்து எதற்கு என்ற பேச்சு அந்த வீட்டில் ஏற்கெனவே எழுந்திருந்தது.

இனி மாற்றிச் செய்பவை

முதலாவது, அனுப்பும் காலம். வீக்கம் வந்தபின் வந்தவரிடம் தோளை விடுவிக்கவே பல வாரம் செலவாகிறது. அறுவைக்கு முன்பே இரு கைகளின் சுற்றளவையும் தோள் அசைவையும் குறித்து வைத்து, கீமோ நடக்கும்போதே சிறு நடையைத் தொடங்கும்படி புற்றுநோய்ப் பிரிவோடு பேசி ஏற்பாடு செய்திருக்கிறோம். காய்ச்சல் இருக்கும் நாளிலும் தட்டணு 50,000க்குக் கீழ் இறங்கிய நாளிலும் பளு கிடையாது என்ற குறிப்போடு அது நடக்கிறது.

இரண்டாவது, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாள். ‘கனம் தூக்கக் கூடாது’ என்ற வரிக்குப் பதிலாக, எந்தத் தேதி வரை எதைத் தூக்கக் கூடாது, அதன்பின் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று செம்பு, வாளி, குடம் என வீட்டுப் பொருட்களின் பெயரோடு எழுதுகிறோம். துணைக்கு வருபவரிடம் அதை வாசித்துக் காட்டச் சொல்கிறோம்.

மூன்றாவது, கைத்தொழில். பீடி சுற்றுபவர், பாய் நெய்பவர், பூக்கட்டுபவர் யாராயினும், பக்லிடாக்ஸல் பெற்றவரென்றால் விரலின் தொடுவுணர்வை முதற் சந்திப்பிலேயே சோதித்து, கத்தரி, ஊசி, அரிவாள் எந்த விரலருகே வருகிறது என்பதை அவரையே செய்து காட்டச் சொல்கிறோம். சிறு வெட்டானாலும் சோப்பால் கழுவி மருந்திட்டு, சிவப்போ காய்ச்சலோ கண்ட அன்றே வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறோம்.

ஊரிலேயே பின்தொடர்வதற்கு, 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளரிடம் இவருடைய பயிற்சித் தாளைக் கொடுத்திருக்கிறோம். கைச் சுற்றளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் அளந்து அனுப்புவார். ஸ்லீவ் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும் என்பதால், ஐப்பசி மழைக்கு முன் புதியது ஒன்றுக்கு அளவெடுக்க வேண்டும். எலும்பு அடர்த்தியை அடுத்த ஆண்டு மீண்டும் பார்த்த பிறகே முழுக்குடம் பற்றி முடிவு செய்வோம்.